குளிரில் அணைய மறுக்கும் எஞ்சின்: ஹைபிரிட் பற்றரிமேல் பழி போட வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரத் தங்கள் இதழின் வாசகர் பக்கத்தில், மார்க்கம் நகரில் வசிக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். கடந்த கோடையில் வாங்கிய பாவித்த ஹைபிரிட் கார் (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டுவது), ஒக்டோபர் வரைக்கும் சிவப்பு விளக்கில் நின்றவுடன் சத்தமில்லாமல் அடங்கியதாகவும், குளிர் இறுகிய நாளிலிருந்து எங்கே நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பதாகவும், பெற்றோல் செலவு மளமளவென்று ஏறிவிட்டதாகவும் அவர் எழுதியிருந்தார். காட்டிய கராஜில், மின்மோட்டருக்குச் சக்தி தரும் பெரிய பற்றரி பலவீனமாகிவிட்டது, அதை மாற்றியே ஆகவேண்டும் என்று சில ஆயிரம் டொலர் கணக்குச் சொன்னார்களாம். ஹைபிரிட் என்பதே ஏமாற்று வேலை என்ற மனத்தாங்கலோடு அவர் கடிதத்தை முடித்திருந்தார். யாழ்ப்பாணத்தில் மோட்டார் வேலை பழகி, இங்கே ஒன்ராறியோவில் கார் திருத்துவோருக்கான 310எஸ் உரிமம் எடுத்து, 24 வருடங்களாக ஸ்காபரோவில் கார் திருத்தி வருகிறவன் என்ற முறையில், அவருக்கும் அவரைப் போன்ற நிலையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் சில விடயங்களைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அந்தக் காரை நான் பார்க்கவில்லை. ஆனால் அவர் விவரித்த அறிகுறிகள் அத்தனையும், பழுது எதுவும் இல்லாத ஒரு ஹைபிரிட் கார் கனடாவின் குளிரில் நடந்துகொள்ளும் முறைதான். எஞ்சின் ஓடுவதற்குப் பெரும்பாலான வேளைகளில் காரணம் பற்றரி அன்று, ஹீற்றர்.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளியிருக்கும் அக்கா ஒருவர் இதே முறைப்பாட்டோடு வந்தார். வெளியே மைனஸ் 19 பாகை. காலையில் மூத்த பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, சின்னவனைப் பின்சீற்றில் வைத்துக்கொண்டு நேரே என் வீட்டு வாசலுக்கு வந்து நிறுத்தினார். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்ரியரிங்குக்குக் கீழே இருக்கும் இணைப்பில் என் வாசிப்புக் கருவியைச் செருகிப் பார்த்தேன். எஞ்சினைச் சுற்றி ஓடி அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் 54 பாகையில் நின்றது. ஹீற்றர் 27 பாகைக்கு வைக்கப்பட்டு, விசிறி முழு வேகத்தில் சுழன்றது. ஹீற்றரை அணைத்தேன். பத்து எண்ணுவதற்குள் எஞ்சின் அடங்கியது. பின்னால் இருந்த பிள்ளை மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது. மறுபடி ஹீற்றரைப் போட்டேன். சில நொடிகளில் எஞ்சின் ஒரு சிறு உதறலோடு விழித்துக்கொண்டது. “அக்கா, இதுதான் உங்கள் பழுது. பிள்ளைக்குச் சூடு வேணும் என்று நீங்கள் கேட்கிறீர்கள், கார் தருகிறது” என்றேன். அவருக்கும் ஒரு கராஜில் பற்றரி மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

சாதாரணக் காரானாலும் ஹைபிரிட் காரானாலும், இருக்கைப் பக்கம் வரும் சூடு எஞ்சினிலிருந்தே வருகிறது. எஞ்சின் சூட்டை வாங்கிய கூலன்ற், டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ரேடியேற்றர் ஒன்றுக்குள் ஓட, அதன்மேல் விசிறி காற்றை ஊதுகிறது. சாதாரணக் காரில் எஞ்சின் எப்போதும் ஓடுவதால் இந்தச் சூடு இலவசமாகக் கிடைப்பது போல நமக்குத் தோன்றும். உண்மையில் அது நாம் காசு கொடுத்து வாங்கிய பெற்றோலில் வீணாகிப்போன பங்கு. ஹைபிரிட் எஞ்சினைச் செய்தவர்கள் அந்த வீணைக் குறைப்பதையே குறியாகக் கொண்டு உழைத்தார்கள். அற்கின்சன் சுழற்சி என்னும் முறையில் வால்வுகள் மூடும் நேரத்தை மாற்றி, எரிந்த வாயுவின் விரிவிலிருந்து கூடுதல் வேலையைப் பிழிந்தெடுத்தார்கள். ரொயோட்டாவின் 2016ஆம் ஆண்டு பிரியஸ் ஹைபிரிட் காரின் 1.8 லீற்றர் எஞ்சின், மிகச் சிறந்த நிலையில் பெற்றோலின் சக்தியில் 40 சதவீதத்தைச் சக்கரம் சுழற்றும் வேலையாக மாற்றும் அளவுக்கு வந்தது. இது பெரிய சாதனை. ஆனால் வேலையாக மாறியது போக எஞ்சுவதுதானே சூடு? கோடையில் நாம் கொண்டாடும் சிக்கனம், தை மாதத்தில் நம் கால்களைக் குளிர வைக்கிறது. போதாக்குறைக்கு, சிக்னலில் எஞ்சின் அணைந்தால் சூடு பிறப்பதே நின்றுவிடும். விசிறியோ இருக்கிற சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கூலன்ற் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும், காரின் கணினி எஞ்சினை மறுபடி எழுப்புகிறது. கார் நகர்வதற்கு எஞ்சின் தேவையில்லாத நேரத்திலும் அது ஓடுவது இதனால்தான்.

காலையில் முதல் தடவை எடுக்கும்போது நடப்பது வேறு ஒரு விடயம். அதையும் பலர் பழுதென்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். “நான் மிதிக்காமலே எஞ்சின் தானாகக் கத்துகிறது” என்பார்கள். புகைக்குழாயில் பொருத்தியிருக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றர், நச்சு வாயுக்களைச் சிதைக்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 250 முதல் 300 பாகை வரை சூடாக வேண்டும். அதைச் சீக்கிரம் சூடேற்றுவதற்காக, முதல் ஒரு நிமிடம் அளவுக்குத் தீப்பொறி விழும் நேரத்தை வேண்டுமென்றே பிந்தவைத்து, எஞ்சினின் சூட்டைப் புகைக்குழாய்ப் பக்கம் தள்ளுகிறது கணினி. அந்த வேளையில் நாம் காரை நகர்த்தினால், பல ஹைபிரிட் கார்களில் சக்கரத்தைச் சுழற்றுவது பெரும்பாலும் மின்மோட்டர்தான். எஞ்சின் தன் பாட்டில் சூடேறிக்கொண்டிருக்கும். வேகத்தோடு ஒட்டாத அந்தச் சத்தம் பழகாத காதுக்குப் பயமூட்டும். அதற்குப் பிறகும் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்வரை, கோடையைப் போல எளிதில் அணையாது. கோடையில் சில நிமிடங்களில் முடியும் இந்தச் சூடேற்றம், உறைகுளிரில் முழுப் பயணத்தையுமே விழுங்கிவிடலாம்.

இனிப் பற்றரி. அதன்மேல் விழும் பழியில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால், இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிரில் எந்தப் பற்றரியும் மந்தமாகும். உள்ளே நடக்கும் இரசாயன வேலை மெதுவாகி, உள்தடை கூடுகிறது. ஆகவே ஒரே நேரத்தில் கொடுக்கக்கூடிய மின்னும் வாங்கக்கூடிய மின்னும் குறைகின்றன. லிதியம் அயன் பற்றரியைப் பூச்சியப் பாகைக்குக் கீழே வேகமாக ஏற்றினால், லிதியம் உலோகமாகப் படிந்து பற்றரியை நிரந்தரமாகக் கெடுத்துவிடும் என்பதால், கணினி அந்த நேரத்தில் மின்னேற்றத்தை இறுக்கிப் பிடிக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது வழக்கமாகப் பற்றரிக்குத் திரும்பும் சக்தி, காலைக் குளிரில் குறைவாகத் திரும்புவது இதனால்தான். மிச்சத்தைப் பிரேக் தட்டுகள் சூடாக்கி வீணடிக்கின்றன. பழைய பிரியஸ் ஒன்றின் பற்றரி 28 கட்டுகளில் 168 சிறு கலங்களைக் கொண்டது; மொத்தம் 201.6 வோல்ற். இரவு முழுவதும் மைனஸ் 15 பாகையில் வெளியே நின்ற காரை இழுத்துக்கொண்டுபோய், சூடேற விடாமலே இந்தக் கலங்களை அளந்தால், நல்ல பற்றரியும் நோயாளி போலத்தான் தெரியும். அக்காவின் காரை அப்படித்தான் அளந்திருக்கிறார்கள். அரை மணி நேரம் ஓட்டி, காரின் உட்புறம் சூடான பிறகு நான் அளந்தபோது, கட்டுகளுக்கு இடையே கவலைப்படும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. உட்புறம் என்று நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பல ஹைபிரிட் கார்களில் பற்றரிக்குரிய காற்று இருக்கைப் பக்கத்திலிருந்தே இழுக்கப்படுகிறது. கோடையில் அந்தக் காற்று பற்றரியைக் குளிர்விக்கிறது, குளிர்காலத்தில் மெல்லச் சூடேற்றுகிறது. பின்சீற்றின் ஓரத்தில் தெரியும் அந்தச் சிறு காற்றுத் துவாரத்தின்மேல் குளிர்ச்சட்டைகளையும் போர்வைகளையும் குவித்து வைக்காதீர்கள்.

பற்றரி உண்மையிலேயே களைத்துவிட்டால், அது குளிரில் மட்டும் தெரியாது. எச்சரிக்கை விளக்கு எரியும். திரையில் பற்றரியின் அளவு காரணமில்லாமல் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். வசந்தம் வந்த பிறகும் அது தொடரும். அப்படியிருந்தாலும் காசு கொடுப்பதற்கு முன்னர் உத்தரவாதப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கனடாவில் ரொயோட்டா ஹைபிரிட் பற்றரிகளுக்கு முன்பு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீற்றர் உத்தரவாதம் இருந்தது. 2020 மாதிரிகளிலிருந்து அது 10 ஆண்டு அல்லது 240,000 கிலோமீற்றர் ஆனது. காரின் சொந்தக்காரர் மாறினாலும் அது காரோடு போவது. பாவித்த கார் வாங்கிய நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

குளிரில் ஹைபிரிட் காரை உண்மையாகவே வழியில் நிறுத்துவது, யாரும் நினைத்துப் பார்க்காத சின்ன 12 வோல்ற் பற்றரிதான். ஹைபிரிட் காரில் எஞ்சினை உசுப்ப அது தேவையில்லை. அந்த வேலையைப் பெரிய பற்றரியும் மின்மோட்டரும் சேர்ந்து, சாதாரண ஸ்ராட்டரைவிடப் பல மடங்கு வேகத்தில் எஞ்சினைச் சுழற்றிச் செய்கின்றன. அதனால்தான் நல்ல ஹைபிரிட் கார், கடும் குளிரிலும் சாதாரணக் காரைப் போல முனகாமல் பிடிக்கிறது. ஆனால் கணினிகளை விழிக்கச் செய்வதும், பெரிய பற்றரியின் இணைப்பை மூடுவதும் இந்தச் சின்னப் பற்றரியின் வேலை. நான்கு ஐந்து வயதான சின்னப் பற்றரி, இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வரும் இடைவெளியில் இறங்கிவிட்டால், பொத்தானை அழுத்தியதும் திரையில் விளக்குகள் மங்கலாக மின்னும், கார் புறப்படத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ என்ற எழுத்து மட்டும் வராது. உடனே “ஹைபிரிட் பற்றரி போய்விட்டது” என்று வீடே கலங்கும். போனது அதைவிட மிக மலிவான சாமான். குளிர் தொடங்குவதற்கு முன்னரே அதைச் சோதித்துவிடுங்கள். பெரிய பற்றரியே பிடிக்க மறுக்கும் குளிரும் உண்டு. ஏறத்தாழ மைனஸ் 30 பாகைக்குக் கீழே கார் எழும்பாமல் போகலாம் என்று சில ஹைபிரிட் கார்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அது வின்னிப்பெக், சஸ்கற்றூன் பக்கத்து உறவினர்களுக்கான செய்தி. ரொறன்ரோவில் அந்த நிலை அரிது.

செலவைப் பற்றிச் சகோதரி எழுதியது பொய்யன்று. அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் தரும் கணக்கின்படி, 25 பாகையோடு ஒப்பிடும்போது மைனஸ் 7 பாகையில் நகர ஓட்டத்தில் சாதாரணப் பெற்றோல் கார் ஒரு கலன் பெற்றோலுக்குப் போகும் தூரம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. குறுகிய பயணங்களில் 24 சதவீதம் வரை போகலாம். ஹைபிரிட் காருக்கோ அந்தக் குறைவு 30 முதல் 34 சதவீதம். இந்த எண்களை மட்டும் பார்த்துவிட்டு, குளிர்நாட்டுக்கு ஹைபிரிட் உதவாது என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சதவீதத்தை லீற்றராக மாற்றிப் பாருங்கள். கோடையில் 100 கிலோமீற்றருக்கு 5 லீற்றர் குடிக்கும் ஹைபிரிட், அந்தக் குளிரில் 7.1 முதல் 7.6 லீற்றர் வரை குடிக்கும். கோடையில் 9 லீற்றர் குடிக்கும் அதே அளவான சாதாரணக் கார் 10.6 லீற்றர் குடிக்கும். ஆகவே ஹைபிரிட் அதிகமாக இழந்தும், நூறு கிலோமீற்றருக்கு 3 லீற்றராவது மிச்சம் பிடித்துத் தருகிறது. குளிர்காலத்துப் பெற்றோலில் சக்தி சற்றுக் குறைவு. குளிர் காற்று அடர்த்தியானது. ரயர் அழுத்தம் ஒவ்வொரு 5 அல்லது 6 பாகை வீழ்ச்சிக்கும் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. இறங்குகிறது. இவை எல்லாக் காருக்கும் பொது. ஹைபிரிட் தனியாக இழப்பது, எஞ்சினை அணைத்து வைக்கும் சலுகையைத்தான்.

இதில் நம்மவர்களின் ஓட்டம் ஒரு தனிக் கதை. பிள்ளையைப் பாடசாலையில் விட இரண்டு கிலோமீற்றர். திரும்பி வந்து ஒரு மணி நேரம் கழித்து மரக்கறி வாங்க மூன்று கிலோமீற்றர். பின்னேரம் கோயிலுக்கு, பிறகு தமிழ் வகுப்புக்கு, பிறகு யாரையோ பஸ் தரிப்பில் ஏற்ற. ஒவ்வொரு தடவையும் எஞ்சின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடந்து, சூடேறத் தொடங்குவதற்குள் வீடு வந்துவிடுகிறது. செலவு கூடுவது மட்டும் அன்று பிரச்சினை. எரியாத பெற்றோலும், எரிந்ததில் பிறந்த நீராவியும் எஞ்சின் எண்ணெயில் சேர்கின்றன. எஞ்சின் நன்றாகச் சூடானால்தான் அவை ஆவியாகி வெளியேறும். அக்காவின் காரில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தபோது, அதன் அடியில் மோரில் திரண்ட வெண்ணெயைப் போல வெளிறிய மஞ்சளாக ஒரு படிவு ஒட்டியிருந்தது. விரலால் தொட்டால் வழுக்கியது. இதைப் பார்த்து, கூலன்றும் எண்ணெயும் கலக்காமல் அடைக்கும் ‘ஹெட் காஸ்கெட்’ போய்விட்டது என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. கூலன்ற் அளவு குறையாமல், எண்ணெய் அளவுகோலில் எண்ணெய் தெளிவாக இருந்தால், அது வெறும் ஈரம்தான். வாரத்தில் ஒரு நாள் 401 நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் போய்விடும். சிறு பயணங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துச் செய்யுங்கள். எண்ணெயைக் கிலோமீற்றர் நிறைவதற்குக் காத்திராமல், கையேட்டில் சொன்ன மாதக் கணக்குக்கு மாற்றுங்கள்.

உற்பத்தியாளர்கள் இந்தச் சூட்டுப் பஞ்சத்தை அறியாதவர்கள் அல்லர். வட அமெரிக்காவில் விற்ற 2004 மாதிரி பிரியஸ் காரில், தேநீர்க் குடுவையைப் போன்ற வெற்றிடச் சுவருள்ள ஒரு கலத்துக்குள் ஏறத்தாழ 3 லீற்றர் சூடான கூலன்றைச் சேமித்து வைத்து, அடுத்த தடவை எஞ்சின் எழும்புவதற்கு முன்னர் அதைத் திரும்பச் செலுத்தினார்கள். மூன்று நாள் வரை அது சூடு தாங்கும். அந்தக் குடுவையை முதன்முதலாகக் கழற்றிப் பார்த்த நாளில், இதைச் சிந்தித்தவனுக்கு வீட்டில் ஒரு நல்ல தேநீர்க்காரி இருந்திருக்க வேண்டும் என்று என் முதலாளியிடம் சொன்னது நினைவிருக்கிறது. 2010 மாதிரியில் குடுவையை விட்டுவிட்டு, புகைக்குழாயால் வெளியே போகும் சூட்டைப் பிடித்துக் கூலன்றுக்குத் திருப்பினார்கள். 2016 மாதிரியில் முன்புறக் காற்றுத் துவாரங்கள் தேவையில்லாதபோது தாமாக மூடிக்கொள்ளும்படி செய்தார்கள். மின்னேற்றிப் பாவிக்கும் பிளக்-இன் ஹைபிரிட் கார்களில், வெளிக்காற்றின் சூட்டை மின்னால் உள்ளே இழுக்கும் வெப்பப் பம்பி வந்தது. ஆனால் அவற்றிலும், உதாரணமாக ரொயோட்டாவின் ராவ்4 பிரைம் காரில், ஏறத்தாழ மைனஸ் 10 பாகைக்குக் கீழே ஹீற்றரைப் போட்டால், பற்றரி நிறைந்திருந்தாலும் எஞ்சின் எழும்பும். அதை வாங்கியவர்களும் “மின்னேற்றியும் பெற்றோல் எரிகிறதே” என்று என்னிடம் வந்திருக்கிறார்கள்.

நம் பங்குக்குச் செய்யக்கூடியவற்றில் முதலாவது புளொக் ஹீற்றர். வடக்கு டக்கோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949இல் காப்புரிமை பெற்ற பழைய யோசனை இது. எஞ்சின் உடம்பில் பொருத்தி, வீட்டு மின்னில் செருகும் சிறு சூடேற்றி. வின்னிப்பெக்கில் கார் தரிப்பிடங்களிலேயே இதற்கான மின்செருகிகள் இருக்கும். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னர் இயங்கும்படி நேரக் கருவியில் வைத்தால் போதும், இரவு முழுவதும் வேண்டாம் என்று கனடாவின் இயற்கை வளத் திணைக்களம் சொல்கிறது. மைனஸ் 20 பாகையில் 10 சதவீதம் வரை பெற்றோல் மிஞ்சலாம் என்பதும் அதன் கணக்கு. ஹைபிரிட் காருக்கு இதன் பயன் இரட்டிப்பு, ஏனெனில் எஞ்சின் சீக்கிரம் அணையத் தொடங்கும். அடுத்தது, சீற் ஹீற்றர் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு பெரிய ஹீற்றரை 20 பாகைக்கு இறக்குவது. சீற்றைச் சூடாக்குவது மின். அதற்காக எஞ்சின் எழும்பாது. சிக்கனத்துக்கான ஈகோ முறையில் ஓட்டினால் கணினியும் ஹீற்றர் விடயத்தில் கை இறுக்கமாக இருக்கும். ஆனால் கண்ணாடியில் ஆவி படர்ந்தால் சிக்கனம் பார்க்காமல் முழு ஹீற்றரையும் போடுங்கள். எதிரே வருவது தெரிவதைவிட லீற்றர்க் கணக்கு பெரிதன்று. பத்து நிமிடம் நிறுத்தி வைத்து எஞ்சினைச் சூடாக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டுவதே எஞ்சினைச் சூடாக்கும் நல்ல வழி. ரொறன்ரோவில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் வீணே எஞ்சினை ஓடவிடுவது மாநகர விதிப்படி குற்றமும் ஆகும்.

சூடாக்குவதைப் பற்றிச் சொல்லும்போது, மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு நெஞ்சைப் பதறவைக்கும் விடயத்தைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் ஹைபிரிட் காரை ‘ரெடி’ நிலையில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். சாதாரணக் கார் ஓடிக்கொண்டிருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். ஹைபிரிட் கார் உள்ளே வந்து நிற்கும்போது எஞ்சின் அடங்கியிருக்கும். சாவி சட்டைப்பையில் இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நினைத்துக் கதவை இறக்கிவிட்டு மேலே போய்விடுவோம். ஹீற்றர் போட்டபடி இருந்தால், கூலன்ற் குளிர்ந்ததும் எஞ்சின் தானாகவே எழும்பும். பற்றரி இறங்கினாலும் எழும்பும். மூடிய கராஜுக்குள் கார்பன் மொனொக்சைட் நிறைந்து, மேலே படுத்திருப்பவர்களின் அறைக்குப் போகும். மணமும் நிறமும் இல்லாத வாயு அது. சாவி செருகாத கார்களை இப்படி மறந்து விட்டதால் வட அமெரிக்காவில் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இரவு பதினொரு மணிக்கு வாயு எச்சரிப்பான் கத்தியதால் ஐந்து பேர் பனியில் வெறுங்காலோடு வெளியே ஓடித் தப்பினார்கள். இருபது டொலர் முப்பது டொலர் கருவி அது. படுக்கை அறைகளுக்கு அருகே அது இருக்கிறதா, அதன் பற்றரி வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பனிப்புயலில் வழியில் சிக்கிக் காருக்குள்ளேயே காத்திருக்க நேர்ந்தால், புகைக்குழாயின் வாயைப் பனி மூடாமல் அடிக்கடி இறங்கித் துப்புரவாக்குங்கள்; எஞ்சின் அடங்கியிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், அது எந்த நிமிடமும் எழும்பும்.

எல்லாமே இயல்பு என்று சொல்லி உண்மையான பழுதை மறைக்கவும் நான் விரும்பவில்லை. காலையில் எடுத்ததும் கார் முழுவதும் கடகடவென்று நடுங்கி, கூலன்ற் தொட்டியில் அளவு மாதாமாதம் குறைந்துகொண்டு வந்தால், இரவில் கூலன்ற் எஞ்சினுக்குள் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் எஞ்சினே போய்விடும். அரை மணி நேரம் ஓடிய பிறகும் ஹீற்றர் வெதுவெதுப்பாகவே ஊதினால், கூலன்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ராற் திறந்தபடி சிக்கியிருக்கலாம். அதுவும் எஞ்சினை அணையவிடாமல் செய்யும். கூலன்ற் ஒருபோதும் முழுச் சூட்டுக்கு வராது. இந்தச் சின்னச் சாமான் பழுதாகி, பற்றரிமேல் பழி விழுந்த கார்களை நான் கண்டிருக்கிறேன்.

விற்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஹைபிரிட் காரைக் கொடுக்கும்போது, குளிரில் எஞ்சின் அடிக்கடி ஓடும், ஒரு லீற்றருக்குப் போகும் தூரம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையலாம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். முன்கூட்டியே அறிந்தவர் ஏமாந்ததாக நினைக்க மாட்டார். அரசாங்கத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். 2015 மாதிரிகளிலிருந்து கனடாவில் பாவிக்கும் ஐந்து எரிபொருள் சோதனைகளில் ஒன்று மைனஸ் 7 பாகையில் செய்யும் குளிர்ச் சோதனை. ஆனால் எரிபொருள் செலவைக் காட்டப் புதிய காரில் ஒட்டும் எனர்கைட் முத்திரையில், நகரம், நெடுஞ்சாலை, இரண்டும் சேர்ந்தது என்ற எண்கள்தான் தெரிகின்றன. வருடத்தில் நான்கு ஐந்து மாதம் உறைகுளிரில் கார் ஓட்டும் நாட்டில், குளிர்காலத்துக்கென்று தனியாக ஓர் எண்ணை அந்த முத்திரையில் அச்சிடுவது நியாயமான கோரிக்கை என்றே கருதுகிறேன். தங்கள் பத்திரிகை இதைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேள்வியாக வைக்குமானால், தமிழர் அல்லாதவர்களுக்கும் அது பயன்படும்.

மார்க்கத்துச் சகோதரிக்கு: பற்றரிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர், ஒரு சனிக்கிழமை காரை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஹீற்றரை முழுவதுமாக அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். எஞ்சின் அடங்கினால், உங்கள் கார் குளிரோடு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அடங்காவிட்டால், கூலன்ற் எத்தனை பாகையில் நிற்கிறது, பற்றரிக் கட்டுகள் சூடான நிலையில் எத்தனை வோல்ற் காட்டுகின்றன என்ற இரண்டு விவரத்தையும் தாளில் எழுதித் தரும்படி அந்தக் கராஜிடம் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் காரை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

இங்ஙனம்,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.